கட்டைக்குரல் தனக்கோடியின் முதல் ஆல்பம்

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் காலை தனக்கோடி பாயிலிருந்து எழுந்து, "அம்மா, தண்ணி" என்று கேட்டாள். சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா காந்தா, வீட்டுக்குள் யாரோ ஆள் புகுந்துவிட்டான் என்று தோசைத் திருப்பியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தாள். பாயில் மகளைத் தவிர யாரும் இல்லை. இன்னொரு தடவை பேசச் சொன்னாள். தனக்கோடி பேசினாள். காந்தா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் தோசை கருகியது.

அதற்கு முந்தின வாரம் முழுக்கக் காய்ச்சல். காய்ச்சல் போகும்போது குரலையும் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. மிளகுப்பால், கற்பூரவல்லிச் சாறு, பக்கத்து வீட்டம்மாள் சொன்ன சித்தரத்தை, எதற்கும் அது திரும்ப மேலே ஏறவில்லை. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. இதுதான் இனிமே உம் பொண்ணு குரல்" என்றார். பெயரும் அதற்குத் தோதாக அமைந்திருந்தது. தனக்கோடி என்று ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். அப்பா வழியில் யாருக்கோ இருந்த பெயர்.

காந்தா காக்ஸ் டவுனில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் ஆயா. மகளும் அங்கேயே படித்தாள். காலைப் பிரார்த்தனையில் பாடும் கூட்டத்தில் தனக்கோடி மூன்றாவது வரிசை. குரல் இறங்கிய பிறகு முதல் நாள் பாடியபோது முன் வரிசைப் பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுச் சொல்லித்தரும் ரூபி டீச்சர் நல்லவர்தான். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணு, நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார்.

தனக்கோடி சில நாள் வாயை அசைத்துப் பார்த்தாள். அலுத்துவிட்டது. பியானோ வாசிக்கும் பெண் ஒரு நாள் வரவில்லை. இவள் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இத்தனை நாளாக வாய் அசைத்த பாட்டை ஒற்றை விரலால் தேடிப் பிடித்து வாசித்தாள். ரூபி டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பாடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நீ இனிமே அங்கயே உக்காரு" என்றார். பாடாமல் இருப்பதற்காகத்தான் தனக்கோடி பியானோவுக்கு வந்தாள். வந்தவள் எழுந்திருக்கவில்லை. உணவு இடைவேளையில், பள்ளி விட்ட பிறகு, அம்மா வகுப்பறைகளைக் கூட்டி முடிக்கும் வரை என்று அந்தப் பழைய பியானோவே கதியாகக் கிடந்தாள். பள்ளியை முடித்து வெளியே வரும்போது அவளுடைய பத்து விரலுக்கும் நல்ல பழக்கம் ஏறியிருந்தது.

வேலைக்குப் போன பிறகு, சனி ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தாள். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கன்னட மாநில நாளான ராஜ்யோத்சவம் என்று மேடைகளுக்குக் குறைவில்லை. முன்னால் நின்று பாட ஒரு ஆண், ஒரு பெண். பின்னால் நிழலில் இவள். கச்சேரி இல்லாத நாட்களில் வீட்டில் தனியாகப் பாடிப் பார்ப்பாள். அங்கேதான் சிக்கல். பெண்கள் பாடும் பாட்டெல்லாம் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று உயரமான சுருதியில் இருந்தன. இவளுக்கு ஒன்றரைக் கட்டைக்கு மேல் தொண்டை வராது. ஆண்கள் பாடும் பாட்டு சுருதிக்குச் சரியாக இருக்கும். ஆனால் அதில் வருவதெல்லாம் பெண்ணின் கண்ணும் இடையும் கூந்தலும். கண்ணாடி முன் நின்று அதைப் பாடினால் அவளுக்கே சிரிப்பு வந்தது.

சரி, நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்வோம் என்று ஆரம்பித்தாள். கடையில் அளவுக்குச் சட்டை கிடைக்காதவர்கள் துணி எடுத்துத் தைத்துக்கொள்வதில்லையா, அப்படி. முதல் பாட்டு அம்மா தலைக்கு டை அடிப்பதைப் பற்றி. காந்தா அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "அந்த நடுவுல வருமே, காதோரம் கருப்பு மையின்னு, அது மட்டும் பாடு" என்றாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் குரல் மறுபடி வீட்டில் பிரச்சினை ஆனது. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய், போனதுதான். மூன்றாவதாக ஒக்கலிபுரத்திலிருந்து ராஜேந்திரன் வந்தான். நகரப் பேருந்து ஓட்டுநர். காந்தா மகளை அடுக்களைக்குள் இழுத்து, "எது கேட்டாலும் தலையாட்டு. வாயத் தொறக்காத" என்று சொல்லி அனுப்பினாள்.

"பஸ்ஸு ஓட்டறவன்னா உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டான் ராஜேந்திரன்.

தனக்கோடி தலையாட்டினாள்.

"ஷிப்ட்டு மாறி மாறி வரும். சில நாள் விடியறதுக்கு முன்னயே கெளம்பணும்."

அதற்கும் தலையாட்டினாள்.

"இன்னாங்க, எல்லாத்துக்கும் தலையாட்டறீங்க? நான் பேசறது காதுல விழுதா, இல்லையா?"

"நல்லாவே விழுதுங்க" என்றாள் தனக்கோடி.

ராஜேந்திரனின் அம்மா வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை அப்படியே நிறுத்தினாள். ராஜேந்திரன் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்து அவள் நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, "நல்லாவே விழுதுன்னு சொன்னேன்" என்றாள்.

அவன் முகம் முழுக்கச் சிரித்தான். "எங்க டிப்போல மைக்ல பேசறவரு ஒருத்தர் இருக்காரு. அவரு குரல் வந்தா தூங்கற நாய்கூட எழுந்து நிக்கும். உங்க குரல் அதைவிட நல்லா இருக்குதுங்க."

இதைவிட அழகாக ஒரு பெண்ணைப் புகழ எத்தனையோ வழி உண்டு. ஆனால் தனக்கோடிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவளுடைய சிரிப்பும் கட்டைதான். ராஜேந்திரனுக்கு அதுவும் பிடித்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒக்கலிபுரம். ரயில் பாதையை ஒட்டிய சந்து, மாடியில் இரண்டு அறை, வாசலில் துளசித் தொட்டி, உள்ளே புத்தர் படம். பௌர்ணமி தோறும் பக்கத்து விகாரையில் கீபோர்டு வாசிப்பாள். பகலில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொலைபேசி வேலை. கூப்பிடுகிறவர்களுக்கு எந்த டாக்டர் எப்போது இருப்பார் என்று தமிழிலும் கன்னடத்திலும் சொல்லி, நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். கூப்பிடுகிற எல்லாரும் அவளை "சார்" என்றார்கள். முதல் மாதம், "சார் இல்லீங்க, மேடம்" என்று திருத்தினாள். பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, நிறுத்தாமல் கேட்டு, பின்னால் வரிசையில் இருந்தவர்கள் தவித்துப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் சாராகவே இருந்துவிட்டாள். ஒரு தடவை மனைவியின் பிரசவத் தேதி கேட்ட ஒருவர் தழுதழுத்த குரலில், "இந்த மாதிரி நேரத்துல நம்ம ஆம்பளைங்க நெலமை உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார். "தெரியும் சார். தைரியமா இருங்க. ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்று தேற்றினாள்.

அந்த வேலையிலிருந்தும் ஒரு பாட்டு வந்தது:

ஒண்ண அமுக்கினா கண்ணு டாக்டர்
ரெண்ட அமுக்கினா பல்லு
மூண அமுக்கினா நான் வருவேன்
மனசுல இருக்கிறத சொல்லு

காக்ஸ் டவுனில் ஒரு குடும்பம் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போவதாகவும், சுவரோரம் நிற்கிற அவர்களுடைய பழைய பியானோவை வாங்க ஆள் தேடுவதாகவும் காந்தாதான் செய்தி கொண்டுவந்தாள். தனக்கோடி போய் வாசித்துப் பார்த்தாள். அன்றே பேசி முடித்துவிட்டாள்.

பியானோ வந்த நாள் இன்றைக்கும் அந்தச் சந்தில் பேச்சாக இருக்கிறது. படிக்கட்டில் அது திரும்பாது. பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டும். சுமை ஆட்கள் மேலே நின்று இழுத்தார்கள். கீழே ராஜேந்திரன், பேருந்தைப் பின்னால் எடுப்பதற்கு விசில் கொடுப்பதுபோல, "வா... வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... போதும்!" என்று கையை ஆட்டினான். பியானோ ஆடாமல் இருக்க அதிலிருந்து தொங்கிய கயிற்றைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தவன் எதிர்வீட்டுப் பாலகுமார். திண்டிவனத்திலிருந்து வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கன்னடம் ஒரு சொல் தெரியாது. பியானோ பால்கனிக் கம்பிக்கு மேலே வந்ததும் சுமை ஆள் கன்னடத்தில் "பிடி, பிடி!" என்று கத்தினார். விட்டுவிடு என்று அர்த்தம். பாலகுமார் அதைத் தமிழாக எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தான். "அரே, பிடி!" என்று அவர் மேலும் கத்த, "பிடிச்சுக்கிட்டுத்தான்யா இருக்கேன்!" என்று இவன் திரும்பக் கத்த, பியானோவோடு சேர்ந்து பாலகுமாரும் தரையிலிருந்து ஓரடி மேலே போய்விட்டான். ராஜேந்திரன் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு கீழே இறக்கினான். சந்து முழுக்கச் சிரித்தது. அன்று சாயங்காலம் சுமை ஆட்கள் உட்பட எல்லாருக்கும் காந்தா கேசரி கிண்டினாள். அதை முதல் கச்சேரி என்றே சொல்லலாம். கேட்டதையெல்லாம் தனக்கோடி வாசித்தாள். பாடத்தான் இல்லை.

ஆல்பம் வரை அவளைக் கொண்டுபோனது ஒரு முழங்கால் வலி. தொம்மலூரில் ப்ரஹ்லாத் என்று ஒரு இளைஞன் சின்ன ஒலிப்பதிவுக்கூடம் நடத்தி வந்தான். விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்வது அவன் பிழைப்பு. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். அப்பாவின் முழங்காலுக்கு டாக்டரைக் கேட்டு அவன் மருத்துவமனைக்குப் போன் செய்தான். தனக்கோடி நேரம் சொன்னாள். அவன் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

"சார், நீங்க எங்கயாவது வாய்ஸ் குடுத்திருக்கீங்களா? விளம்பரத்துக்கு?" என்று கேட்டான்.

"நான் சார் இல்லீங்க. மேடம்."

"ஹௌதா!" என்றான் ப்ரஹ்லாத். அப்படியா என்பதைக் கன்னடத்தில்தான் அவனுக்குச் சொல்ல வந்தது. சுதாரித்துக்கொண்டு, "பரவாயில்ல மேடம். ஒரு சிமெண்ட் விளம்பரம் இருக்கு, வர்றீங்களா?" என்றான்.

சிமெண்டுக்கு நல்ல ஆண்குரல் வேண்டும் என்று சேலத்துக்காரர் ஒருவர் அவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். பத்துப் பேர் பேசியும் அவருக்குத் திருப்தியில்லை. ஞாயிற்றுக்கிழமை தனக்கோடி போய், கண்ணாடி அறைக்குள் நின்று, "இடியே விழுந்தாலும் இடியாத வீடு" என்று சொன்னாள். ஒரே தடவைதான். சேலத்துக்காரர் போனில் கேட்டுவிட்டு, "யாருப்பா அந்த ஆளு? மீசை பெருசா இருக்கும்போல" என்று ஆனந்தப்பட்டார். ப்ரஹ்லாத் போனைப் பொத்திக்கொண்டு மேஜைக்குக் கீழே குனிந்து சிரித்தான்.

அவன் அந்தப் பதிவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, தனக்கோடி சும்மா இருக்க முடியாமல் அங்கிருந்த மின்பியானோவில் கை வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து மெதுவாகப் பாடவும் செய்தாள். ராஜேந்திரனுக்காக, அவன் பஸ் வந்து நிற்கும் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தை வைத்து எழுதியது அது. அதுவரை அவனுக்கும் பியானோவுக்கும் மட்டும் தெரிந்த பாட்டு.

மெஜஸ்டிக்ல மழ புடிச்சா
ஓரமா நான் ஒதுங்குவேன்
நீ ஓட்டி வர்ற பஸ் வந்தா
நனைஞ்சுகிட்டே ஏறுவேன்
யாரோ போல ஃப்ரீ டிக்கெட் வாங்கி
கடைசி சீட்ல குந்துவேன்
கண்ணாடியில நீ பார்த்தா
ஜன்னல் பக்கம் திரும்புவேன்

முடித்துவிட்டு நிமிர்ந்தால் ப்ரஹ்லாத் கதவருகே நின்றுகொண்டிருந்தான். "இது யார் பாட்டு?" என்றான்.

"என்னுது."

"இன்னும் இருக்கா?"

"ரொம்ப இருக்கு."

"அக்கா, ஆல்பம் பண்றோம்" என்றான். மேடம் அந்த நிமிஷமே அக்காவாகிவிட்டாள்.

மின்பியானோவில் பதிவு செய்யலாம் என்றான் அவன். தன் பியானோதான் வேண்டும் என்றாள் இவள். அவன் மைக்குகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒக்கலிபுரம் வந்தான். முதல் பாட்டின் இரண்டாவது வரியில் மைசூர் வண்டி போயிற்று. அடுத்த முயற்சியில் சரக்கு ரயில். அது போய்க்கொண்டே இருந்தது. ப்ரஹ்லாத் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இங்க எப்படிக்கா பாட்டு எழுதினீங்க?" என்று கேட்டான்.

"ரெண்டு வண்டிக்கு நடுவுல" என்றாள் தனக்கோடி. உண்மையும் அதுதான். அவளுடைய பாட்டுகள் எல்லாம் குட்டையாக இருப்பதற்கு வேறு காரணம் கிடையாது. ஒரு ரயில் போய் அடுத்தது வருவதற்குள் முடிகிற நீளம். அவன் அதற்குப் பிறகு அவளிடமே விட்டுவிட்டான். அவள் ஜன்னல் பக்கம் காதை வைத்துக் கேட்டு, "ம், இப்ப" என்பாள். உடனே சிவப்பு விளக்கு எரியும். சந்துக்காரர்கள் டிவியை அணைத்தார்கள், தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார்கள், மீன்காரரைச் சந்து முனையிலேயே மடக்கினார்கள். சத்தம் போடாதே என்று ஒருவரை ஒருவர் அதட்டிய சத்தம்தான் தாங்கவில்லை. ஐந்தாவது பாட்டு அருமையாக வந்து முடிகிற சமயத்தில் பாலகுமார் தெருவில் நின்று, "யாரும் பேசாதீங்க, அக்கா பாடறாங்க!" என்று கத்தினான். அதை மட்டும் மறுபடி பாட வேண்டியதாயிற்று. அதற்கும் அவள் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள்.

ஞாயிறுகளாகச் சேர்த்து எட்டுப் பாட்டு தேறியது. ஆல்பத்துக்கு 'ஃப்ரீ டிக்கெட்' என்று பெயர். அட்டைப் படத்தில் தனக்கோடி மஞ்சள் புடவையில் பியானோ முன் உட்கார்ந்திருந்தாள். கீழே 'தனக்கோடி' என்று மட்டும் போட்டிருந்தது.

பஸ் பாட்டை முதலில், அவள் பியானோ வாசிப்பதைப் பக்கவாட்டில் எடுத்த வீடியோவாக இணையத்தில் விட்டார்கள். காந்தாவுக்கு ஒரே பரபரப்பு. யார் என்ன எழுதுகிறார்கள் என்று ராஜேந்திரனை வாசிக்கச் சொன்னாள். அவன் சத்தமாக வாசித்தான்: "தனக்கோடி அண்ணா, வாய்ஸ் வேற லெவல்." அடுத்தது: "நல்ல கம்பீரமான குரல். பியானோ வாசிக்கிற அக்காவும் நல்லா வாசிக்கிறாங்க." அதற்கடுத்தது: "அண்ணன் ஏன் வீடியோவுல வரல?"

ராஜேந்திரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா கண்ணு தெரியலயா இவங்களுக்கு? வாய் அசையறது தெரியல? இரு, நான் எழுதறேன்."

"எழுதாதீங்க" என்றாள் தனக்கோடி.

"ஏன் தனம்? பாடினது நீ. பேரு எவனோ ஒரு அண்ணனுக்கா?"

"நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க? அதுவரைக்கும் சரி. மீதிய நேர்ல பாத்துக்கலாம்." அவள் கண்ணில் ஒரு குறும்பு இருந்தது. இத்தனை வருஷம் போனில் சாராக இருந்த அலுப்பு அதில் கொஞ்சமும் இல்லை. ப்ரஹ்லாதிடமும் சந்துக்காரர்களிடமும் சொல்லி வைத்தாள், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று.

வெளியீட்டு விழா காக்ஸ் டவுனில், ஒரு வாசகர் வட்டத்தின் சிறிய அரங்கில், ஞாயிறு மாலை. வட்டத்தின் செயலாளர் சேஷகிரி வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒழுங்கின் மறு உருவம். பாடகருக்குப் பொன்னாடை, பியானோ வாசிக்கும் அம்மையாருக்குப் பூங்கொத்து என்று தனித்தனியாக வாங்கி மேஜையில் அடுக்கியிருந்தார். மேடையில் பியானோ, அதற்குப் பக்கத்தில் பாடகர் நிற்பதற்கு ஒரு மைக். அரங்கு நிறைந்துவிட்டது. ஒக்கலிபுரம் சந்து பாதி வந்திருந்தது. மருத்துவமனைக் கூட்டாளிகள், பாட்டைக் கேட்டுவிட்டு வந்த முகம் தெரியாத இளைஞர்கள். ராஜேந்திரன் ஷிப்ட் முடித்துக் காக்கிச் சட்டையோடு வந்து காந்தா பக்கத்தில் உட்கார்ந்தான்.

தனக்கோடி மேடையேறிப் பியானோ முன் அமர்ந்தாள். மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டல். விஷயம் தெரியாதவர்கள் கண்ணெல்லாம் மேடையின் ஓரத்துக் கதவிலேயே இருந்தது. சேஷகிரி கடிகாரத்தைப் பார்த்தார். அவளிடம் குனிந்து, "அம்மா, சார் எங்க? ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டாரா?" என்று கிசுகிசுத்தார்.

"வந்தாச்சு சார்."

"எங்க, கீழயா?"

"இங்கதான் சார்" என்றாள். சேஷகிரி அவள் தொண்டையைப் பார்த்தார். பிறகு பொன்னாடையைப் பார்த்தார். அவருக்கு ஏதோ இடித்தது, ஆனால் முழுசாகப் பிடிபடவில்லை. அதற்குள் அவள் பாடகருக்காக வைத்திருந்த மைக்கை எட்டி இழுத்துத் தன் வாய்க்கு நேராகத் திருப்பி, பஸ் பாட்டின் முதல் சுரங்களை வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

"மெஜஸ்டிக்ல மழ புடிச்சா..."

முன்வரிசையில் ஒருவர் மேடைக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்களா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். இரண்டாவது வரிக்கு ஒரு பெண் "ஐயோ!" என்றாள். மூன்றாவது வரிக்கு யாரோ விசிலடித்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து சிரிப்பும் கைதட்டலும் கலந்து கிளம்பி, மழைபோல முன்னே வந்தது. தனக்கோடி நிறுத்தவில்லை. ராஜேந்திரனைப் பார்த்துத்தான் பாடினாள். கண்ணாடியில் நீ பார்த்தா என்று வரும் இடத்தில் அவன் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள, காக்கிச் சட்டையைக் கண்டு விஷயத்தைப் புரிந்துகொண்ட கூட்டம் இன்னும் ஆர்ப்பரித்தது. காந்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ராஜேந்திரனுக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு, "சும்மா இருப்பா, பாட்டு கேக்க விடு" என்றாள்.

பாட்டு முடிந்ததும் சேஷகிரி மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர், தன் தவறை மறைக்கவில்லை. "பெரியோர்களே, நான் பாடகருக்கு ஒண்ணு, பியானோ கலைஞருக்கு ஒண்ணுன்னு வாங்கி வெச்சேன். ரெண்டும் ஒருத்தரேன்னு இப்பத்தான் தெரிஞ்சது. எங்க வட்டத்துல எதையும் மிச்சம் பிடிக்கிற வழக்கம் இல்ல" என்று சொல்லி, பொன்னாடையை அவள் தோளில் போர்த்தி, பூங்கொத்தையும் கையில் கொடுத்தார். இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி வாசிப்பது என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கே மறுபடி கைதட்டினார்கள்.

எட்டுப் பாட்டும் பாடினாள். அம்மாவின் டை பாட்டுக்குக் காந்தா எழுந்து நின்று கும்பிட்டாள். டாக்டர் பாட்டில், 'மூண அமுக்கினா' என்று அவள் நிறுத்த, சந்துக்காரர்கள் கூட்டாக மீதியைப் பாடினார்கள். விழா முடிந்து வெளியே வரும்போது இளைஞர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இணையத்தில் அண்ணன் என்று எழுதிய ஒருவன் காதைப் பிடித்துக்கொண்டு, "ஸாரிக்கா" என்றான். "பரவாயில்லப்பா, அண்ணனும் நல்லாத்தானே பாடினாரு?" என்றாள் தனக்கோடி.

அதற்குப் பிறகு பெரிய பணக்காரியாகவோ நட்சத்திரமாகவோ அவள் ஆகிவிடவில்லை. மருத்துவமனை வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் மாதம் ஒன்றோ இரண்டோ நிகழ்ச்சி வருகிறது. சேலத்துச் சிமெண்ட்காரர் விழா வீடியோவைப் பார்த்துவிட்டுப் போன் செய்து, "அப்ப மீசை கிடையாதா?" என்று கேட்டார். பிறகு அடுத்த விளம்பரத்துக்கும் அவளேதான் வேண்டும் என்றார்.

போன வாரம் மைசூரில் ஒரு கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். தனக்கோடி, ராஜேந்திரன், காந்தா, ப்ரஹ்லாத் நான்கு பேரும் காலை ரயிலில் போனார்கள். மத்தூரில் வண்டி நின்றதும் ராஜேந்திரன் சுடச்சுட வடை வாங்கி வந்தான். வெங்காயம் போட்டு, தட்டையாக, விளிம்பெல்லாம் மொறுமொறுவென்று. ஒரு கடி கடித்துவிட்டுத் தனக்கோடி கண்ணை மூடிக்கொண்டாள். வாய்க்குள் ஏதோ ஒரு மெட்டு ஓடத் தொடங்கியது. ப்ரஹ்லாத் அவசரமாகத் தன் போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

"வடையப் பத்தியுமா பாட்டு?" என்றான் ராஜேந்திரன்.

"ஏன், வடைக்கு இன்னா குறைச்சல்?" என்றாள் தனக்கோடி. எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்து, டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.